மரமஞ்சளும் பச்சை சானலும்

நாகர்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலையை ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். மைக்ராஸ்கோப் படங்களோடு வேலை என்று சொன்னால், "அப்போ லேப் எங்க?" என்பார்கள். லேப் வேறு ஊரில் இருக்கிறது. அங்கேயும் மைக்ராஸ்கோப் முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸே அந்தக் கருவிகளில் பெரும்பாலும் கிடையாது. ரோபோக் கை ஒன்று, செல்கள் வளரும் குழிகள் கொண்ட பிளேட்டை எடுத்து உள்ளே வைக்கும். மேடை நகரும், லென்ஸ் தானாக ஃபோகஸ் பிடிக்கும், கேமரா படம் எடுக்கும், அடுத்த குழிக்குப் போகும். ராத்திரி முழுக்க இதுதான். காலையில் படங்கள் எனக்கு வந்து சேரும். அவற்றில் செல்களைக் கண்டுபிடித்து, அளந்து, எந்த வேதிப்பொருள் செல்லை என்ன செய்தது என்று அட்டவணையாக்குவது என் பங்கு. மருந்து ஆராய்ச்சித் துறையில் இதை ஹை கன்டென்ட் ஸ்கிரீனிங் என்பார்கள்.

உறவினர்களில் இதைப் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் திருவட்டாறு பக்கம் வர்ம வைத்தியம் பார்க்கும் என் மாமா ஒருவர்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மக்ளே, நம்ம மருந்த அதுல ஊத்துனா கேக்குமா கேக்காதான்னு சொல்லிருமா?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு எம்.எஸ்சி. மாணவர்களும் வருகிறார்கள். மருந்துவாழ் மலையில் பறித்த ஒரு இலை, அதிலிருந்து எடுத்த சாறு, விலைக்கு வாங்கிய ஒரு புற்றுநோய் செல் வகை, மூன்று மாதத்தில் ஒரு புராஜெக்ட். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் புராஜெக்ட்டுகளில் பெரும்பாலும் எம்டிடி சோதனைதான் இருக்கும். 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட முறை. மஞ்சள் நிற எம்டிடி உப்பை உயிருள்ள செல் ஊதா நிறப் பொருளாக மாற்றும். 570 நானோமீட்டர் ஒளியில் ஊதாவின் அடர்த்தியை அளந்தால் எத்தனை செல் பிழைத்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். மலிவு, எளிது. ஆனால் மூலிகைச் சாற்றோடு சேரும்போது இது கோளாறு பிடித்தது. சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்களில் பல, செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த குழியும் பிழைத்த குழி மாதிரி தெரியும். அடுத்து, ஊதா பாதியாகக் குறைந்தால் பாதி செல் செத்தது என்று ஆய்வேட்டில் எழுதுகிறார்கள். ஒரு செல்லும் சாகாமல், பிரிந்து பெருகுவது மட்டும் நின்றுபோயிருந்தாலும் ஊதா பாதியாகத்தான் இருக்கும். விஷத்துக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத சோதனையை வைத்துக்கொண்டு "புற்றுநோயை அழிக்கும் மூலிகை" என்று தலைப்பு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தலைப்புகளை வாட்ஸாப்பில் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

படமெடுக்கும் முறை கேட்கும் கேள்வி வேறு. செத்ததா பிழைத்ததா என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு செல்லும் எப்படி மாறியது என்று பார்க்கிறது. 1990களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செல்லோமிக்ஸ் என்ற நிறுவனம் இதற்கென்றே கருவி செய்து விற்கத் தொடங்கியது. இன்று பல கம்பெனிக் கருவிகள் வந்துவிட்டன, பலவும் கோடியைத் தாண்டும் விலை. அடிப்படை ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பிளேட்டில் 96 அல்லது 384 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஆயிரக்கணக்கில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழிக்கு ஒரு மருந்து. ஒன்றிரண்டு நாள் கழித்து ஒளிரும் சாயங்கள் ஏற்றிப் படம் எடுப்பார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 384 குழி, குழிக்கு 9 இடம், இடத்துக்கு 5 நிறம். 17,280 படங்கள். ஒவ்வொன்றும் 2,160 பிக்சல் சதுரம், 16 பிட் என்றால் ஒரே பிளேட்டுக்கு 160 ஜிபி சுமார். அப்படியும் 20 மடங்கு லென்ஸில் அந்த 9 இடங்கள் குழியின் முழுப் பரப்பையும் மூடாது.

வேகத்துக்காகத்தான் இந்தக் கருவிகள் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் வேகம் இரண்டாவது. முதல் நன்மை, கருவி இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. கையால் மைக்ராஸ்கோப் பார்க்கும் மனிதன், மருந்து போட்ட குழியில் செத்துக் கிடக்கும் மூலையைத் தேடிப் போவான், மருந்து போடாத குழியில் அழகாகப் படர்ந்திருக்கும் இடத்தில் நிற்பான். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அல்ல, கை தானாகப் போகும். ஆய்வேடுகளில் பக்கத்துப் பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றை எத்தனை படங்களிலிருந்து பொறுக்கினார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். தானியங்கி மேடைக்கு ஆசை கிடையாது. எல்லாக் குழியிலும் அதே 9 புள்ளிகளில் நிற்கும்.

சாயங்களைப் பற்றிக் கொஞ்சம். இப்போது பரவலாக இருப்பது செல் பெயின்டிங் என்ற முறை. 2013-இல் முதல் வடிவம் வந்தது, 2016-இல் செய்முறை விரிவாக வெளியானது. ஆறு சாயம், ஐந்து சானல் (நிறத்துக்கு ஒன்றாக எடுக்கும் தனித்தனிப் படம்தான் சானல்), செல்லின் எட்டு பாகங்கள். செல்லின் கருவில் (நியூக்ளியஸ்) உள்ள டிஎன்ஏவுக்கு நீல ஹெக்ஸ்ட், மைட்டோகாண்ட்ரியாவுக்கு தூரச் சிவப்பில் ஒளிரும் மைட்டோட்ராக்கர், செல்லின் எலும்புக்கூடான ஆக்டினுக்கு ஃபாலாய்டின், இப்படி. குறிப்பிட்ட எந்தக் கேள்வியும் கேட்காமல் செல்லின் மொத்தத் தோற்றத்தையும் பதிவு செய்துவிட்டு, பிறகு அளவுகளிலிருந்து விடையைத் தேடுவது இதன் போக்கு. ஒரு செல்லுக்கு சுமார் 1,500 அளவுகள் எடுக்கலாம். அவற்றில் பாதி எனக்கே மனதில் நிற்காது.

இனி என் பகுதி. கணினிக்கு முதலில் செல் எது என்று சொல்லித்தர வேண்டும். கருவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது நீலத்தில் தனித்தனியாக, உருண்டையாக, பளிச்சென்று இருக்கும். எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் கரு, கீழே இருந்தால் பின்னணி என்று கோடு போடுவதற்கு ஜப்பானின் நொபுயுகி ஓட்சு 1979-இல் சொன்ன வழி இன்றும் ஓடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கருக்களின் இடுக்கைக் கண்டுபிடித்துப் பிரிப்பதற்கு வாட்டர்ஷெட் முறை. கருவிலிருந்து வெளியே விரிந்து செல்லின் எல்லையைத் தேடுவது அடுத்தது. யூ2ஓஎஸ் என்ற எலும்புப் புற்றுநோய் செல்கள் தட்டையாகப் படர்பவை, படத்துக்கென்றே பிறந்தவை. அதனால்தான் இந்தத் துறையில் பாதிப் பேர் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லீரல் செல்லான ஹெப்ஜி2 ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதில் எல்லை தேடுவது பெரிய தலைவலி. இப்போது செல்போஸ் மாதிரியான ஆழ்கற்றல் மென்பொருட்கள் வந்து இந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. ஆனாலும் அது போட்ட கோடுகளைப் படத்தின் மேல் வைத்துக் கண்ணால் பார்க்காமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை. செல் எது என்பதே தப்பாகிவிட்டால் அதற்குப் பிறகு வரும் 1,500 எண்ணும் தப்புதான். அட்டவணையில் அவை பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

சில மாற்றங்களை எந்த எண்ணால் அளப்பது என்று நமக்குச் சொல்லத் தெரியாது, பார்த்தால் மட்டும் தெரியும். எங்கள் பக்கத்து அண்டியாபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், பருப்பு தரம் பிரிக்கும் அக்காமார் இதில் கெட்டிக்காரர்கள். ஒரு பவுண்டுக்கு 240 பருப்புக்குள் நிற்கும் பெரியது எது, 320 வரை போகும் சிறியது எது, பிளந்தது எது, கருகியது எது என்று கை நிற்காமல் பிரிப்பார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். செல்லுக்கும் அதையே செய்யலாம். செல்புரொஃபைலர் அனலிஸ்ட் என்ற இலவச மென்பொருள் திரையில் செல்களைக் காட்டும், இது இந்தக் கூடைக்கு, அது அந்தக் கூடைக்கு என்று நாம் இழுத்துப் போட வேண்டும். சில நூறு செல் போட்ட பிறகு, நாம் எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதை 1,500 அளவுகளுக்குள் தேடிப் பிடித்து, மிச்ச லட்சக்கணக்கான செல்களை அதுவே பிரித்துவிடும். இரண்டு பேர் பிரித்தால் இரண்டு விதமாகப் பிரிப்பார்கள் என்ற தொல்லை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

இந்த முறையின் உண்மையான பலம் எனக்கு விளங்கியது அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனம் இலவசமாக வைத்திருக்கும் படத் தொகுப்புகளில் ஒன்றைக் குடையும்போது. பிபிபிசி021 என்று பெயர். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்கள், 113 வேதிப்பொருட்கள், ஒவ்வொன்றும் 8 அடர்த்திகளில். அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தால் இரண்டு பெயர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள். ஒன்று வின்கிறிஸ்டின். கடற்கரை மணலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் யாரும் நடாமலே பூக்கிற நித்திய கல்யாணியிலிருந்து வருவது. செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் என்றாலும் இப்போது நம் ஊர்க்காரிதான். இன்னொன்று கோல்ச்சிசின். வேலியில் படரும் செங்காந்தளின், அதாவது கண்வலிக்கிழங்கின் விஷம். இரண்டு செடிக்கும் தாவரவியலில் சம்பந்தமில்லை, மூலக்கூறுகளின் வடிவத்திலும் ஒற்றுமையில்லை. ஆனால் படத்தில் இரண்டும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. செல்லுக்குள் இழைகளாக ஓடும் மைக்ரோடியூபூல்கள் குலைந்து, பிரியப்போன செல் பாதியில் மாட்டிக்கொண்டு உருண்டையாக நிற்கிறது. செல்லின் தோற்றத்தை மட்டும் அளந்து கணினி இந்த இரண்டையும் ஒரே கூட்டத்தில் சேர்க்கிறது. அதே பட்டியலில் உள்ள டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்து பக்கத்திலேயே தனிக் கூட்டம். அதுவும் மைக்ரோடியூபூலைத் தொடுவதுதான், ஆனால் குலைப்பதற்குப் பதில் இறுக்கிவிடுகிறது. எம்டிடியில் இந்த மூன்றும் "செல் குறைந்தது" என்ற ஒரே வரியில் முடிந்திருக்கும்.

இதைக் கேட்டதும் மாணவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். நம் மூலிகைச் சாற்றை இதில் போட்டு, வின்கிறிஸ்டின் கூட்டத்தில் சேர்கிறதா, வேறு கூட்டமா என்று பார்த்துவிடலாமே? பார்க்கலாம். இங்கேதான் மூலிகை தன் வேலையைக் காட்டும். அது தானே ஒளிரும்.

பச்சை இலையில் சாறு எடுத்தால் குளோரோஃபில் வரும். அது நீல ஒளியிலும் சிவப்பு ஒளியிலும் தூண்டப்பட்டு சுமார் 680 நானோமீட்டரில் அடர் சிவப்பாக ஒளிரும். மைட்டோட்ராக்கர் டீப் ரெட் ஒளிர்வது 665-ஐ ஒட்டி. கேமராவுக்கு இரண்டும் ஒரே சானல். குளோரோஃபில் கொழுப்பில் கரைவது, செல்லைக் கழுவினாலும் முழுதாகப் போகாது. அட்டவணையில் "மைட்டோகாண்ட்ரியா இரண்டு மடங்கு" என்று வரும். ஒரு மைட்டோகாண்ட்ரியாவும் கூடியிருக்காது. இலை ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மஞ்சளின் குர்க்குமின் நீல ஒளியில் தூண்டினால் பச்சையாக ஒளிரும். போதாததற்குப் புரதங்களோடு கண்டபடி ஒட்டும், கரைசலில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். எந்தச் சோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று வருவதாலேயே மருந்து வேதியியலாளர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இதைச் சொன்னால் ஊரில் கோபப்படுகிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை.

மூன்றிலும் சுவாரசியமானது மரமஞ்சள். மலையோரக் காடுகளில் ஏறும் கொடி, வைத்தியசாலைகளில் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் வைத்திருப்பார்கள். அதன் மஞ்சள் நிறம் பெர்பெரின். தனியாகத் தண்ணீரில் இருந்தால் மங்கல்தான், டிஎன்ஏவோடு ஒட்டியதும் பச்சை மஞ்சளாகப் பளிச்சிடும். நேர்மின்னூட்டம் உள்ளதால் குறைந்த அளவில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேரும், அளவு கூடினால் கருவுக்குள்ளும் தெரியும். பச்சை சானலில் ஏதோ ஒரு புரதத்துக்கு அடையாளம் வைத்து, "மருந்து போட்டதும் புரதம் கருவுக்குள் போகிறதா" என்று பார்க்கும் சோதனையில் மரமஞ்சளை ஊற்றினால் என்ன ஆகும்? பச்சை கருவுக்குள் போகும், அடர்த்திக்கு ஏற்ப அழகாக ஏறும், வரைபடம் பாடப்புத்தகத்தில் வருவது போல இருக்கும். போனது மரமஞ்சள். புரதம் வெளியிலேயே நிற்கும். அந்தச் சோதனையின் படத்தை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே என் விதி இதுதான்: மூலிகையைச் செல்லில் போடும் முன் மூலிகையை மட்டும் படம் எடு. சாறு மட்டும், செல் இல்லாமல் சில குழிகள். சாறும் செல்லும், சாயம் இல்லாமல் சில குழிகள். எல்லா சானலிலும், அதே எக்ஸ்போஷரில். சாறு போடாத குழியைவிட வெளிச்சம் கூடிய சானலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. ஐந்தில் மூன்று சானல் போனாலும் போகட்டும். மிச்ச இரண்டில் வரும் விடை குறைவாக இருக்கும், ஆனால் நம்பலாம். சுத்தமான வேதிப்பொருட்களை ஸ்கிரீன் செய்யும் பெரிய கம்பெனிகளிலேயே ஒளிரும் பொருட்களைத் தனியாகக் கட்டம் கட்டி வைக்கிறார்கள். நூறு பொருள் கலந்த சாற்றுக்கு இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒளிரும் கதை பிடித்திருந்தது, ஆனால் அவர் கேள்வி வேறு பக்கம் போனது.

"எண்ணெய அதுல விட முடியுமா?"

"எண்ணெய் அதுல நிக்காது மாமா. செல்லு இருக்கது தண்ணிக்குள்ள. டிஎம்எஸ்ஓ-ன்னு ஒண்ணுல கரைச்சு, ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குதான் விடலாம். அதுக்கு மேல போனா அந்த டிஎம்எஸ்ஓவே செல்லக் கெடுக்கும்."

"அப்போ கஷாயம்?"

"கஷாயம் விடலாம்."

"விட்டுட்டு? எனக்க கஷாயம் தொட்டா வேல செய்யாது மக்ளே, குடிச்சாத்தான் செய்யும், கேட்டியா. குடலுக்குள்ள பெய் மாறி வரணும்."

அவர் சொன்னது மருந்தியலில் நன்றாகவே தெரிந்த விஷயம். பல பொருட்கள் குடலிலும் கல்லீரலிலும் மாறிய பிறகுதான் வேலை செய்யும். பிளேட்டில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. ஹெப்ஜி2 கல்லீரலிலிருந்து வந்த செல் என்றாலும், மருந்துகளை மாற்றும் நொதிகள் அதில் மிகக் குறைவு. எனவே பிளேட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாமாவின் கஷாயம் கேட்காது என்று அர்த்தமில்லை. பிளேட்டில் ஏதோ நடந்தால் மனிதனுக்குக் கேட்கும் என்றும் அர்த்தமில்லை. இந்த அளவு அந்தச் செல்லை இந்த விதமாக மாற்றியது என்று மட்டும் எழுதலாம். அதையும் துல்லியமாக எழுத முடிந்தால் அதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இதுக்கா இம்புட்டு சக்கறம் செலவாக்குறானுவ?" என்றுதான் முடித்தார்.

மற்ற சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேட்டின் ஓரக் குழிகளில் திரவம் ஆவியாகி உப்பு கூடும், அங்கே செல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதனால் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்காதீர்கள். படத்தின் நடுவில் வெளிச்சம் அதிகம், மூலையில் குறைவு, அளக்கும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். கட்டாயம் வேலை செய்யும் என்று தெரிந்த மருந்து சில குழிகளிலும், ஒன்றுமே போடாதது சில குழிகளிலும் ஒவ்வொரு பிளேட்டிலும் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவற்றின் சிதறலைவிட எவ்வளவு பெரியது என்று சொல்ல 1999-இல் வந்த இசட் பிரைம் என்ற எண் உண்டு. 0.5-க்கு மேல் இருந்தால் சோதனை நல்ல நிலையில் இருக்கிறது. மைனஸில் போனால் அந்தப் பிளேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கருவி இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. செல்புரொஃபைலர் இலவசம். உயிரியல் படித்துவிட்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்ட ஆன் கார்பென்டரும், எம்ஐடியில் கணினி படித்துக்கொண்டிருந்த தௌயிஸ் ஜோன்ஸும் தொடங்கியது, 2006-இல் கட்டுரையாக வந்தது. பழகுவதற்கு பிபிபிசி013 என்ற சிறிய தொகுப்பை எடுங்கள். ஒரே ஒரு 96 குழிப் பிளேட், குழிக்கு இரண்டு படம், யூ2ஓஎஸ் செல்கள். பச்சையாக ஒளிரும் ஒரு புரதம் மருந்து போட்டதும் கருவுக்குள் போகிறதா என்பது கேள்வி. சாதாரண லேப்டாப்பே போதும், கரண்ட் போனாலும் பேட்டரியில் முடிந்துவிடும். இதைச் செய்து பார்த்த பிறகு, கேமரா மாட்டிய சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் கிடைத்தால் கையாலேயே 24 குழி எடுக்கலாம். ஒரு நிபந்தனை: எந்த இடங்களில் படம் எடுப்பது என்பதை லென்ஸில் கண் வைக்கும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும், எக்ஸ்போஷரை நடுவில் தொடக்கூடாது. அழகான இடம் பக்கத்தில் தெரிந்தாலும் போகக்கூடாது.

போன வாரம் ஒரு மாணவி வந்திருந்தாள். மரமஞ்சள் தண்டும், இன்னொரு செடியின் இலையும் அவள் புராஜெக்ட். தண்டுச் சாற்றில் பச்சையம் குறைவு, பெர்பெரின் அதிகம், அதனால் பச்சை சானலைக் காலியாக விட்டு, கருவுக்கு ஹெக்ஸ்ட்டுக்குப் பதில் தூரச் சிவப்பில் ஒளிரும் டிராக்5 போடச் சொன்னேன். இலைச் சாற்றுக்கு நேர் எதிர், தூரச் சிவப்பைத் தொடவே கூடாது. "அப்போ ரெண்டையும் ஒரே பிளேட்ல போட முடியாதா அண்ணா?" என்றாள். முடியாது, சாயம் வேறு வேறு, ரெண்டு பிளேட் போடு என்றேன்.

"ரெண்டு பிளேட்டுக்கு கைடு ஒத்துக்கணுமே," என்றாள். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, எந்தச் செடியை விடுவது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.